பலேனோ வீலை ஸ்விஃப்ட்டில் மாட்டலாமா? அலாய் என்பது என்ன உலோகம்?

கேள்வி: ஈரோட்டு வாசகர், 4 ஜூன் 2023

என்னிடம் இருப்பது 2013 ஸ்விஃப்ட் விடிஐ. 14 அங்குல இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் கப். நண்பர் ஒருவர் பலேனோவில் கழற்றிய 16 அங்குல அலாய் நான்கையும் சல்லிசாகத் தருகிறேன் என்கிறார். "நாலு ஓட்டை, நூறு பிசிடி, கண்ணை மூடிக்கிட்டு மாட்டு" என்பது அவர் வாக்கு. மாட்டலாமா? அலாய் என்றால் இரும்பைவிட எடை குறைவு, பலம் அதிகம் என்பது சரிதானே?

4 ஜூன் 2023, இரவு

மாட்டலாம். ஆனால் நண்பர் சொன்ன காரணத்துக்காக அல்ல. கண்ணைத் திறந்துகொண்டே மாட்டுங்கள்.

நாலு ஓட்டை, நூறு பிசிடி என்றால் ஹோண்டா சிட்டிக்கும் அதுதான், ஐ20-க்கும் அதுதான், எடியோஸுக்கும் அதுதான். (ஸ்டட் என்பது நட்டு ஏறும் மரைக் கம்பி. நான்கு ஸ்டட்டின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 100 மில்லிமீட்டர், அதுதான் பிசிடி.) அதற்காக இந்த வண்டிகளின் ரிம்மையெல்லாம் இஷ்டத்துக்கு மாற்றிப் போட முடியாது. ஸ்டட்டில் ஏறுவது வேறு, ஹப்பில் (ரிம் ஒட்டிச் சுழலும் நடுப்பகுதி) உட்காருவது வேறு.

உங்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் என்னவென்றால் இரண்டும் சுசுகி. நடு ஓட்டை இரண்டிலும் 54.1 மில்லிமீட்டர். ஸ்டட் இரண்டிலும் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.25. நட்டு உட்காரும் குழி இரண்டிலும் கூம்பு. இந்த மூன்றும் ஒத்துப்போவதால்தான் "மாட்டலாம்" என்கிறேன்.

டயர் கணக்கு இதைவிட அழகு. உங்கள் 165/80 ஆர்14 டயரின் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) வெளி விட்டம் 619.6 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டின் உயர் வேரியண்ட்டான இசட்டிஐ-யில் வந்த 185/65 ஆர்15, 621.5. பலேனோவின் 195/55 ஆர்16, 620.9. ரிம் இரண்டு அங்குலம் பெரிதானாலும் தரையிலிருந்து பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பழைய 14-ஐ ஸ்டெப்னியாக அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

உலோகத்தைப் பற்றி நாளை. அது எனக்குப் பிடித்த பேச்சு, நீளும்.

5 ஜூன் 2023

நேற்று விட்ட கணக்கு ஒன்று: டயரின் பக்கச்சுவர். 14-ல் 132 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. 15-ல் 120. 16-ல் 107. அதாவது ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தையில் ஓர் அங்குலம் காலி. பவானி, அந்தியூர் பக்கம் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

5 ஜூன் 2023, இரவு

சரி, உலோகம்.

நான் அலுமினிய வார்ப்புப் பட்டறையில் பல வருடம் இருந்தவன். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. நாங்கள் வார்த்தது பம்பு பாகங்கள், வீல் அல்ல. ஆனால் கஷாயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார் வீலுக்கு உலகம் முழுக்க அதிகமாகப் போவது ஏ356 என்ற கலவை. எங்கள் பட்டறை வழக்கில் அதன் நெருங்கிய உறவை எல்எம்25 என்போம். அலுமினியத்தில் ஏழு சதவீதம் சிலிக்கான், அரை சதவீதத்துக்கும் குறைவாக மக்னீசியம். சிலிக்கான் எதற்கு? உருகிய உலோகம் தண்ணீர் மாதிரி ஓடி மெல்லிய ஆரக்கால் மூலை வரைக்கும் நிரம்ப. மக்னீசியம் எதற்கு? பிறகு சூடேற்றிக் குளிரவைக்கும்போது உறுதி ஏற. இரும்பு இருக்கக்கூடாது, 0.2 சதவீதத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். இரும்பு கூடினால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகம் வளரும், அடி பட்டால் அந்த ஊசி வழியாகத்தான் விரிசல் ஓடும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பின் அடர்த்தி 7.85. மூன்றில் ஒரு பங்கு. அதனால் அலாய் வீலும் இரும்பு ரிம்மில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வார்ப்பு அலுமினியம் இரும்புத் தகடு அளவுக்கு பலம் கிடையாது. அதனால் தடிமனை ஏற்றியாக வேண்டும். கடைசியில் ஒரே அளவு ரிம்மாக இருந்தால் அலாய் கொஞ்சம் இளைத்திருக்கும், அவ்வளவுதான். அளவும் ஏறினால் அதுவும் போச்சு.

என் வண்டியும் ஸ்விஃப்ட்தான். பழைய இரும்புக் கடையில் தொங்கவிட்டு நிறுத்தும் தராசில் டயர் இல்லாத ரிம் மட்டும் போட்டுப் பார்த்தேன். என் 14 இரும்பு ஏழு கிலோவை ஒட்டி நின்றது. ஒரு பழைய 16 அலாய் எட்டரையைத் தாண்டியது. கடைக்காரர், "என்ன சார், காயலான் விலைக்குப் போடறீங்களா" என்று ஆசையாகக் கேட்டார்.

7 ஜூன் 2023

திருப்பூர் நண்பர் எழுதுகிறார்: "நான் ஸ்விஃப்ட்டில் ஹோண்டா சிட்டி அலாய் போட்டு ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்."

பயமுறுத்தவில்லை. உங்கள் வண்டியில் மூன்று இடம் பாருங்கள்.

முதல் இடம், நடு ஓட்டை. சிட்டி ரிம்முக்கு 56.1. உங்கள் ஹப் மூக்கு (ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வட்டம்) 54.1. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. ரிம்மை மாட்டும்போது அது மையத்தில் நிற்க ஹப் மூக்கு உதவாது, நட்டுகள் இழுக்கிற பக்கம் போய் நிற்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அலைன்மெண்ட் கடைக்குப் போய்ப் பயன் இல்லை. வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1 என்று ஒரு வளையம் வேண்டும். கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. நல்ல லேத் பட்டறையில் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்தே தருவார்கள். தலைகீழாக, சுசுகி ரிம்மை சிட்டியில் போட நினைத்தால் ஏறவே ஏறாது. அது நல்லது. ஏறாத வீலால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இரண்டாவது இடம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை. பந்தின் அடிப்பகுதி மாதிரி. உங்கள் மாருதி நட்டின் தலை கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டு முறுக்கினால் முறுக்கு ஏறும், ஸ்பேனரில் கைக்கு "டைட்" என்றே படும். ஆனால் உள்ளே தொடுவது ஒரு மெல்லிய கோடு மட்டும். ஓடும்போது அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு இழுவிசை குறையும், நட்டு தளரும். நட்டைக் கழற்றி ரிம்மின் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று ஒரு வளையக் கோடு மட்டும் தெரிந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பழைய டொயோட்டா அலாய் சிலவற்றில் இன்னொரு வகை: குழியே இல்லை, தட்டையான வாஷர் வைத்த நட்டு. அதற்கும் கூம்பு ஆகாது.

மூன்றாவது, நட்டின் மரை. சுசுகிக்கு 12-க்கு 1.25. ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 12-க்கு 1.5. ரிம்மோடு சேர்த்து நட்டையும் வாங்கியவர்கள் கவனம். 1.5 நட்டு 1.25 ஸ்டட்டில் இரண்டு சுற்று விரலாலேயே போகும், பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஏர் கன் வைத்திருப்பவர் நிறுத்தமாட்டார். டர்ர்ர் என்று ஓர் அழுத்து, நட்டு போய் உட்கார்ந்துவிடும். ஸ்டட்டில் மரை கழன்றிருக்கும், அழுத்தியவருக்கும் அதே நிலைதான் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

7 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

விரலால் ஆறேழு சுற்று சுலபமாகப் போகாத நட்டை ஸ்பேனரால் தொடாதீர்கள். மேலே எழுதியதில் இதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும்.

8 ஜூன் 2023

"ஐந்து ஓட்டை, நூறு. போலோ ரிம்மை என்ன செய்வது?" போலோ வண்டியில் போடுவதுதான். அதற்கு ஸ்டட்டும் நட்டும் கிடையாது, போல்ட், 14 மில்லிமீட்டர்.

ஃபோர்டு ஃபிகோ 4×108 (நான்கு ஓட்டை, 108 பிசிடி). ஃபியட் புன்டோ 4×98. இதில் 98 ரொம்பப் பொல்லாதது. 100 ரிம்மை 98-ல் வைத்தால் போல்ட் உள்ளே போய்விடும். ஒரு போல்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் சாய்வு. அதற்கென்றே தலை அசையும் போல்ட் வெளிநாட்டில் விற்கிறார்கள். சாதாரண போல்டையே வளைத்து இறுக்கி ஓட்டுகிறவர்களும் உண்டு. வளைந்த போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிர்ந்து வளைந்து ஒரு நாள் அறுந்துபோகும்.

"அண்ணா, எங்கிட்ட க்விட்." முதலில் வந்த மாடலா தம்பி? அப்போ மூணே நட்டு. எந்த ரிம்மும் பொருந்தாது, மனசும் அலையாது, நிம்மதியாக இருங்கள்.

11 ஜூன் 2023

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் மொரிஸ் மைனர் பற்றிக் கேட்டிருக்கிறார். ஜப்பான் காரில் கழற்றிய 4×100 அலாய் அவருடைய மைனரில் "கிட்டத்தட்ட" ஏறுகிறதாம்.

ஐயா, மைனர் அங்குலக் காலத்து வண்டி. அதன் பிசிடி நான்கு அங்குலம், 101.6 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் 0.8 மில்லிமீட்டர் பிசகு. அதனால்தான் ஏறுவது போலத் தோன்றுகிறது. முதல் நட்டு சுகமாக இறுகும், எதிர் நட்டு இறுகும்போது கிர்ரென்று இழுக்கும். ஸ்டட் ஹப்பில் சாய்கிற சத்தம் அது. அந்தக் காலத்து மினியும் எம்ஜி மிட்ஜெட்டும் அதே நான்கு அங்குலம்தான். மிட்ஜெட்டின் 13 அங்குல ரிம்மை மைனரில் போடுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். ஆனால் 14-க்குப் பதில் 13 வரும்போது டயர் விட்டத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வழி கிடைக்கவில்லை என்றால், இரும்பு ரிம்மைப் பெயின்ட் அடித்து குரோம் கப்பைத் துடைத்து மாட்டுங்கள். மைனருக்கு அதைவிட எடுப்பாக எதுவும் இல்லை என்பது என் கட்சி.

12 ஜூன் 2023

நேற்றைய பதிலைப் படித்துவிட்டு ஒருவர், "0.8 எல்லாம் ஒரு பிசகா? நட்டு ஓட்டையிலேயே அவ்வளவு இடம் இருக்குமே" என்கிறார். ஓட்டையில் இருக்கும், கூம்பில் இருக்காது. கூம்பின் வேலையே அந்த இடத்தை ஒழித்து மையத்துக்கு இழுப்பது. நான்கு கூம்பும் நான்கு மையத்துக்கு இழுத்தால் ஸ்டட் என்ன செய்யும்?

16 ஜூன் 2023

ஈரோட்டுக்காரர் ரிம்மைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். நான்கில் ஒன்றில் உள் விளிம்பு லேசாக நெளிந்திருக்கிறதாம். "பெண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா?"

எப்படி எடுப்பார்கள் என்று கேளுங்கள். கேஸ் டார்ச்சைக் காட்டிச் சூடேற்றி, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தள்ளுவார்கள் என்றால் வேண்டாம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வார்த்தெடுத்த உடனே அலாய் ரிம் அவ்வளவு பலசாலி இல்லை. அதை உலையில் வைத்து ஏறத்தாழ 540 டிகிரியில் மணிக்கணக்கில் ஊறவைப்பார்கள். உள்ளே இருக்கும் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்தில் கரையும். உடனே தண்ணீரில் முக்குவார்கள். கரைந்தது கரைந்தபடியே உறையும். அப்புறம் 150, 160 டிகிரியில் சில மணி நேரம் மறுபடி சூடு. அப்போது அவை கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துகள்களாக எங்கும் விரவி நிற்கும். உலோகம் வளையாமல் பிடித்து நிற்பது இந்தத் துகள்களால்தான். டி6 என்று சொல்வது இந்த மூன்று கட்டத்தையும் சேர்த்துத்தான்.

இப்போது ஒருவர் டார்ச்சை எடுத்து முந்நூறு, நானூறு டிகிரிக்கு ஓர் இடத்தை மட்டும் சூடாக்குகிறார். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். அந்த இடம் மெத்துப் போய்விடும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. உருகுகிற வரைக்கும் வெள்ளையாகவே இருக்கும். எத்தனை டிகிரி போனது என்று அடித்தவருக்கே தெரியாது. பெயின்ட் அடித்துவிட்டால் உங்களுக்கும் தெரியாது.

இரும்பு ரிம் இந்த விஷயத்தில் சாது. அது வளையும், சுத்தியால் தட்டினால் நிமிரும், மறுபடி வளையும். லாரிக்காரர்கள் ரோட்டோரத்தில் தட்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அலாய் கொஞ்சம் வளையும், அதற்கு மேல் விரியும்.

16 ஜூன் 2023, இரவு

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. டை பெனட்ரண்ட் என்று ஸ்ப்ரே டப்பா செட்டாகக் கிடைக்கிறது. வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். ரிம்மின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை அடியுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். கிளீனர் நனைத்த துணியால் சிவப்பு சுத்தமாகப் போகும்வரை துடையுங்கள். கிளீனரை ரிம்மின் மேல் நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு டெவலப்பர், வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல் காயும். ஒன்றும் இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த சாயம் ஒரு மயிரிழைச் சிவப்புக் கோடாக மெல்லக் கசிந்து மேலே வரும். ஆரக்கால் வளையத்தோடு சேரும் மூலையிலும் நட்டுக் குழிகளைச் சுற்றியும் நிதானமாகப் பாருங்கள்.

கோடு தெரிந்தால் ஆர்கான் வெல்டிங் பேச்சே வேண்டாம். அதுவும் சூடுதான், டார்ச்சைவிட மோசமான சூடு. அந்த ரிம்மைக் காயலானுக்குப் போடுங்கள். ஏ356 நல்ல விலை போகும்.

20 ஜூன் 2023

"மேக் வீல் என்கிறோமே, அதில் மக்னீசியம் இருக்கிறதா?"

மேலே சொன்ன அரை சதவீதத்துக்குள் இருப்பதுதான். ஒரு காலத்தில் அசல் மக்னீசியத்திலேயே பந்தயக் கார் வீல் வார்த்தார்கள். அமெரிக்காவில் ஹாலிபிராண்ட் என்ற பெயர் அதற்குப் பிரபலம். மக்னீசியத்தின் அடர்த்தி 1.74தான், அலுமினியத்தைவிட இன்னும் லேசு. ஆனால் சாதாரண ரோட்டில் அரிப்பு வந்து தின்றுவிடும், அடிக்கடி பூச்சு பார்க்க வேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. குடும்பக் காருக்கு ஒத்துவராத மாப்பிள்ளை. எஃப்1 பந்தயத்தில் இன்னும் மக்னீசியம்தான், அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு மக்னீசியம். 2022-ல் 13 அங்குலத்திலிருந்து 18-க்கு மாறியபோது எல்லா அணிக்கும் பிபிஎஸ் என்ற ஒரே கம்பெனி வீல் கொடுக்க ஆரம்பித்தது.

அலுமினிய வீல் புதுசு என்று நினைக்காதீர்கள். புகாட்டி டைப் 35 என்ற பந்தயக் கார் 1924-லேயே வார்ப்பு அலுமினிய வீலோடு வந்தது, பிரேக் டிரம்மும் வீலோடு ஒரே வார்ப்பு. இரும்பும் அலுமினியமும் இல்லாத வீலும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் சித்ரோயன் எஸ்எம் காருக்கு மிஷலின் பிசினில் இழை சேர்த்து வீல் செய்து கொடுத்தது. 2015-ல் ஃபோர்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி350ஆர் கார்பன் ஃபைபர் வீலோடு வந்தது, செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊர்க்காரர்கள். நம்ம ஊர் ரோட்டுக்கு அந்த வீல் வந்தால் நான் முதல் பள்ளத்துக்கு முன்னால் இறங்கி நடந்துவிடுவேன்.

21 ஜூன் 2023

வார்ப்பு, ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு: மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். வார்ப்பு என்பது அச்சில் ஊற்றுவது, கம்பெனி அலாய் பெரும்பாலும் இதுதான். ஃப்ளோ ஃபார்மிங்கில் நடுப்பகுதியை வார்த்துவிட்டு, வெளி வளையத்தைச் சூடாக வைத்து உருளைகளால் அழுத்தி இழுப்பார்கள். வளையம் மெலியும், ஆனால் இறுகும். ஃபோர்ஜ்டு என்பது 6061 போன்ற அலுமினியக் கலவைக் கட்டியைப் பெரிய பிரஸ்ஸில் அமுக்கிக் கடைவது. விலையைக் கேட்டால் வண்டியை விற்கத் தோன்றும்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இதைவிட முக்கியம் பின்பக்கத்து எழுத்து. ரிம்மின் உட்புறம் அளவு, ஈடி எண், ஜப்பான் தரத்தின் ஜேடபிள்யூஎல் முத்திரை, சில சமயம் பக்கத்தில் விஐஏ, நம் ஊர் தரம் என்றால் ஐஎஸ் 9436. ஜேடபிள்யூஎல் முத்திரை வீல் செய்தவர் தானே போட்டுக்கொள்வது, விஐஏ வெளியார் சோதித்துக் கொடுப்பது. பெரிய கம்பெனியின் டிசைனைக் காப்பியடித்த ரெப்ளிகாவில் முத்திரையையும் சேர்த்துக் காப்பியடிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். விபத்தில் போன காரில் கழற்றிய அசல் கம்பெனி ரிம், அடிபடாததாக இருந்தால், முகவரி தெரியாத புத்தம்புது ரிம்மைவிட எனக்கு மேல். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் மலைபோல் கிடக்கும். பொறுமையும் டார்ச்சும் வேண்டும்.

22 ஜூன் 2023

நேற்று ஈடி என்று எழுதிவிட்டு விளக்காமல் போனதற்கு மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். ஈடி என்பது ஆஃப்செட். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. எண் குறைந்தால் வீல் வெளியே துருத்தும்.

சும்மா ஓர் உதாரணம்: பழையது 5 அங்குல அகலம் ஈடி45, புதியது 6 அங்குல அகலம் ஈடி40. அகலம் ஒரு அங்குலம் ஏறியதால் இரண்டு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் கூடுகிறது. ஈடி 5 குறைந்ததால் எல்லாமே 5 வெளியே நகர்கிறது. ஆக உள்பக்கம் 7.7 நெருங்கும், வெளிப்பக்கம் 17.7 துருத்தும். உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் இருக்கிறது, வெளியே மட்கார்டு இருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துப் பாருங்கள். மெலிந்த மூன்று பேர் வேண்டாம்.

துருத்தலுக்கு ஆசைப்பட்டு ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போடுகிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

27 ஜூன் 2023

முதல் நாள் "மாட்டலாம்" என்றேன். அதில் மாற்றமில்லை. ஆனால் எழுத எழுத என் மனசு 16-ஐ விட்டு 15-க்கு இறங்கிவிட்டது.

ஒரு காரணம் பக்கச்சுவர், முன்பே சொன்னேன். இன்னொரு காரணம் எடை. மூன்றாவது காரணம், சட்டம். கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. உங்கள் மாடல் ஸ்விஃப்ட்டின் உயர் வேரியண்ட்டிலேயே 15 அங்குல அலாய் கம்பெனி கொடுத்திருக்கிறது. நாளைக்கு எவர் கேட்டாலும், இன்ஷூரன்ஸ் சர்வேயர் உட்பட, கையேட்டைப் பிரித்துக் காட்டலாம். 16-க்குக் காட்ட உங்களிடம் காகிதம் இல்லை.

பளு தாங்கும் எண்ணும் பாருங்கள். உங்கள் பழைய டயரில் 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. 185/65 ஆர்15-ல் வழக்கமாக வரும் 88 என்பது 560 கிலோ. குடும்பத்தோடு வால்பாறை ஏறும்போது அந்த மிச்சம் சும்மா இருக்கட்டுமே.

என் வண்டியிலும் இசட்டிஐ-யின் 15தான் ஓடுகிறது.

28 ஜூன் 2023

"உங்கள் 15-ல் பிரச்சினையே வரவில்லையா?" வந்தது. ரிம்மில் அல்ல, பெயின்ட்டில்.

வாங்கிய ரிம் கீறலாக இருந்ததால் ஒரு கடையில் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. மாட்டிய அன்று சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் டக், டக். இறங்கி ஸ்பேனர் வைத்தால் நான்கு நட்டும் கால் சுற்று சும்மா போனது. அடுத்த நாள் ரிம்மைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். ஹப்பில் ஒட்டும் முகத்திலும் நட்டுக் குழியிலும் சேர்த்தே கோட்டிங் அடித்திருந்தார்கள். இறுக்கியபோது பூச்சுக்கு எதிராக இறுகியிருக்கிறது. ஓடிச் சூடாகி பூச்சு நசுங்கியதும் இறுக்கம் போய்விட்டது. குழியில் பூச்சு பிதுங்கி வளையமாகக் குவிந்திருந்தது, நகத்தால் பெயர்த்தால் சருகு மாதிரி வந்தது.

வீலைத் தாங்குவது நட்டு அல்ல, ரிம் முகமும் ஹப் முகமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடிதான். நட்டு அந்தப் பிடியை உண்டாக்குகிறது. நடுவில் பெயின்ட், துரு, மண் எது இருந்தாலும் பிடி நிற்காது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஹப் மூக்கில் மட்டும் மெல்லியதாக கிரீஸைத் தொட்டுத் துடைத்துவிட்டால் போதும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதும் குறையும். ஸ்டட் மரையில் கிரீஸ் வேண்டாம், முறுக்கு அளவு தப்பிவிடும். என் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் வைத்து நட்சத்திர வரிசையில் இறுக்கி, ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

பவுடர் கோட்டிங் அடுப்பில் 180, 200 டிகிரி போகும் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. டி6-ன் கடைசிச் சூடு 160-க்குள்தான் என்று மேலே எழுதியிருக்கிறேனே. கால் மணி, இருபது நிமிடம் என்றால் பெரிய சேதம் வராது என்று நம்புகிறேன். அதே ரிம்மை வருடா வருடம் கலர் மாற்றி அடுப்பில் வைக்க மாட்டேன்.

3 ஜூலை 2023

ஈரோட்டுக்காரர் பலேனோ 16-ஐ விட்டுவிட்டு, ஸ்விஃப்ட்டின் 15 செட் ஒன்றைப் பிடித்துவிட்டாராம். ஒரு ரிம்மில் மட்டும் காற்று மெல்ல இறங்குகிறது, பஞ்சர் கடையில் டயரில் ஓட்டை இல்லை என்கிறார்கள் என்று எழுதுகிறார்.

டயரைக் கழற்றச் சொல்லி, ரப்பர் உதடு ரிம்மில் ஒட்டும் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அலுமினிய அரிப்பு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து சீலர் தடவி மாட்டினால் நின்றுவிடும். அங்கே சுத்தமாக இருந்தால் ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். வளையத்தின் நடுவிலிருந்தே ஊசிமுனைக் குமிழி வரலாம். வார்ப்பில் அடைபட்ட வாயு அது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடிக்கும், உறையும்போது கக்கும், கக்கிய இடம் பொத்தலாக நிற்கும். மழைக்காலத்தில் எங்கள் பட்டறையில் இது தீராத தலைவலி. ஒரு சின்னக் கிண்ணத்தில் உலோகத்தை ஊற்றி வெற்றிடத்தில் உறையவிட்டு, இரண்டாக அறுத்துப் பார்ப்போம். அறுத்த முகம் ரவா இட்லி மாதிரி இருந்தால் அன்றைக்கு ஊற்றல் கிடையாது, மறுபடி நைட்ரஜன் விட்டு வாயுவை வெளியேற்றும் வேலை.

பொத்தல் வழிக் கசிவு என்றால் உள்பக்கம் பூசும் சீலர் இருக்கிறது. விரிசல் வழிக் கசிவு என்றால் கிடையாது. எது என்று தெரிய மறுபடி அந்தச் சிவப்புச் சாய டப்பாதான்.

4 ஜூலை 2023

பொத்தல்தானாம். பக்கத்தில் கோடு எதுவும் வரவில்லை, போட்டோ அனுப்பியிருக்கிறார். பூசி ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள்.

வீல் திருட்டுக்குப் பயந்து ஆசையாக வாங்கிய லாக் நட்டின் சாவியை டிக்கியில் ஸ்டெப்னியோடு வையுங்கள், வீட்டு பீரோவில் அல்ல. ஸ்டெப்னி 14 இரும்பு என்பதால் பழைய நட்டு நான்கையும் அதே பையில் போட்டுவிடுங்கள்.